மூன்றாவது சிலிண்டரும் செவ்வாய்க்கிழமையும்

கவுண்டம்பாளையம் மேம்பாலத்தில் ஏறும்போது என் கார் விக்கியது.

வேறு வார்த்தை தோன்றவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன்னே போக வேண்டிய வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மூச்சைப் பிடித்தது. மறுபடி ஒரு குலுக்கு. பின்னால் ஒரு பஸ், அதன் ஹாரன் என் பிடரியில். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு விளக்கு அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பாலம் இறங்குவதற்குள் பதினோரு விக்கல். எண்ணினேன். ஆபத்து நேரத்தில் சாமி பெயரைச் சொல்பவர்கள் உண்டு. நான் எண்ணுவேன். பம்ப் செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் காலம் தள்ளியவன்... அங்கே எண்ணியது போதாதென்று ரிட்டயர் ஆன பிறகும் வியாதி நிற்கவில்லை. தெருவில் எத்தனை வேகத்தடை, நான் பேசும்போது டாக்டர் எத்தனை முறை போனைப் பார்த்தார் — எல்லாம் கணக்கு. எதற்கு? தெரியாது. ஓய்ந்துபோன மனசுக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

பக்கத்து சீட்டில் என் மனைவி சரசு. மடியில் தூக்குப்போசி. உள்ளே குழைய வடித்த சோறும் கொள்ளு ரசமும்.

"ஏனுங்க... வண்டி நின்னு போகுங்களா?"

"நிக்காது."

"தனம் பாத்துட்டு இருப்பாளுங்க."

தனம் அவளுடைய தங்கை. மதுக்கரையில் மகன் வீட்டில் இருக்கிறாள். பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. அந்த மீதிப் பாதியும் சரசுவுக்கு மட்டும்தான் புரியும். மருமகள் நல்ல பெண், குறை சொல்ல முடியாது. ஆனால் தனத்துக்கு மருமகள் கையால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. செவ்வாய்க்கிழமைகளில் அக்கா போய் ஊட்டினால் தட்டு காலி. அதனால் துடியலூரிலிருந்து மதுக்கரைக்கு, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, செவ்வாய்தோறும் நாங்கள் போவோம். நான் ஓட்டுவேன். சரசு தூக்குப்போசியைப் பிடித்துக்கொள்வாள்.

அன்றைக்குப் போகவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் திருப்பி, ஓரமாகவே உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கால் டாக்ஸி பிடித்திருக்கலாமே என்கிறீர்களா? பிடித்துப் பார்த்தவர்கள்தான் நாங்கள். உள்ளே கண்ணாடிக்குக் கீழே ஒரு வாசனை டப்பா தொங்குமே, அது சரசுவுக்கு ஆகாது. காந்திபுரம் தாண்டுவதற்குள் வாந்தி. டிரைவர் பாவம், "பரவால்லீங்க அம்மா, பரவால்லீங்க அம்மா" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலை இறக்கினார். பஸ்? இரண்டு பஸ் மாற வேண்டும். படிக்கட்டின் உயரத்தைப் பார்த்தே அவள் முழங்கால் மடங்காது.

சாயங்காலம் மதுக்கரையிலிருந்து தனத்தின் மருமகள் போன் செய்தாள். அத்தை காலையிலிருந்து கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம். மத்தியானம் சாப்பிடவில்லையாம். சரசு "சரி கண்ணு, சரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அதற்குப் பின்னாலேயே அடுத்த போன். சரவணம்பட்டியிலிருந்து என் மகள் கவிதா. பாலத்துக்கு நடுவில் வண்டி குலுங்கிய செய்தி எப்படியோ அவளுக்குப் போய்விட்டது.

"அப்பா, லாரி ஏதாச்சும் பின்னால வந்திருந்தா என்னங்கப்பா ஆயிருக்கும்?"

"லாரி வரலை. பஸ்தான் வந்துச்சு."

"சிரிக்காதீங்கப்பா. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வண்டியை வித்துப்போடோணும். அவரோட ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு."

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. வண்டி போனால் செவ்வாய்க்கிழமையும் போய்விடும்.

மறுநாள் காலை வண்டியை ஸ்டீபனிடம் கொண்டுபோனேன். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினால் அவருடைய ஒர்க்ஷாப். அவரே முதலாளி, அவரே மெக்கானிக்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க சார்."

"அது எனக்கே தெரியுது. எதனால?"

"அதைத்தானுங்க பாக்கோணும்."

பார்த்தார். கையடக்கமான ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை என்று அது சொன்னது. ஏன் எரியவில்லை என்பதைச் சொல்லவில்லை. கருவிகளும் டாக்டர்கள் மாதிரிதான்.

என் வண்டியில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு பிளக். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், தொப்பி போட்ட கறுப்பு விரல் மாதிரி ஒரு இக்னிஷன் காயில். அதுதான் பிளக்குக்குத் தீப்பொறி விழுகிற அளவுக்கு மின்சாரத்தை ஏற்றித் தருகிறது. காயில் சோர்ந்தால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் மூன்று பேர் இழுக்கிறார்கள், நாலாவது ஆள் சும்மா வருகிறார். வண்டி குலுங்குகிறது. கூட்டுக் குடும்பம் மாதிரி.

"மூணாவது காயிலைக் கழட்டி ஒண்ணாவதுல போட்டுப் பாக்கலாமுங்க. கோளாறு கூடவே நகந்துச்சுன்னா காயில் அவுட்டு. அங்கயே நின்னுச்சுன்னா பிளக்கு, இன்ஜெக்டர்னு வேற தேடோணும்."

எனக்கு இந்த முறை பிடித்தது. எங்கள் டெஸ்டிங் பிரிவிலும் சந்தேகப்பட்ட கெபாசிட்டரை நல்ல மோட்டாரில் போட்டுத்தான் பார்ப்போம். மாற்றிப் போட்டார். ஸ்டார்ட் செய்தார். அதே குலுக்கல். கருவி இப்போது ஒன்றாவது சிலிண்டர் என்றது. கோளாறு நகர்ந்துவிட்டது! குற்றவாளி காயில்தான்.

காயிலைக் கழற்றிய நேரத்தில் ஸ்டீபன் ஒரு காரியம் செய்தார். அதன் அடி ரப்பரை உற்றுப் பார்த்தார். துணியால் துடைத்தார். என்னைப் பார்த்தார். மேலே தகரக் கூரையைப் பார்த்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா சார்?"

"சௌக்கியம்."

"அம்மா... கோயில் குளமெல்லாம் போயிட்டு வர்றாங்களா?"

"போறா."

"சரிங்க சார்."

நல்ல மனிதர், விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். புதுக் காயில் போட்டார். வண்டி பூனை மாதிரி உறுமியது. பில்லைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் தூக்கம் போகும்.

அடுத்த செவ்வாய். சரசு தூக்குப்போசியோடு கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். நான் சாவியைத் திருப்புகிறேன். விக்கல். பாலம் வரைகூடப் போகவில்லை, போர்டிகோவிலேயே. மஞ்சள் விளக்கு மறுபடி கண்ணடிக்கிறது.

சரசு தூக்குப்போசியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, படியில் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒர்க்ஷாப்பில் கருவி இந்த முறை ஒன்றாவது சிலிண்டர் என்றது. ஸ்டீபன் அந்தக் காயிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கூரையைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"தப்புன்னா மன்னிச்சுக்கோணுமுங்க."

"ஸ்டீபன், எனக்கு வயசாயிட்டே போகுது. சீக்கிரம் கேளுங்க."

"வீட்ல யாராச்சும் எஞ்சினுக்கு அபிஷேகம் பண்றாங்களுங்களா?"

காட்டினார். காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் குழல் முழுக்க மஞ்சள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் மஞ்சள் தண்ணீர், அதில் கரைந்த குங்குமம். பக்கத்தில் ஒரு வேப்பிலை. வாடக்கூட இல்லை. பழைய ரப்பர் விறைத்துப் போய்விட்டதால் மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்குகிறது, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அதன் வழியாக ஒழுகுகிறது, நாளடைவில் காயிலே வெடித்துவிடுகிறது என்று விளக்கினார்.

"போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சாமி சமாச்சாரமுங்க சார். நான் வேற சர்ச்சுக்குப் போற ஆளு. ஏதாச்சும் சொல்லிப்போட்டு, அம்மா மனசு நொந்துச்சுன்னா... அதான் கோயிலுக்குப் போறாங்களான்னு சாடையாக் கேட்டேனுங்களே!"

இந்த மனிதரை என்னவென்று திட்டுவது? எங்கள் பக்கத்து மரியாதை உலகத்துக்கே தெரியும். ஆனால் அதன் விலை யாருக்கும் தெரியாது. கெட்ட சேதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் குடும்ப நலம் விசாரிப்போம். கேட்பவனும் மரியாதைக்காரன், "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆக, ஒரு 'ங்க'வுக்கு ஒரு காயில் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈரத்தைக் காற்றடித்துக் காயவைத்து, நாலுக்கும் புது ரப்பர் போட்டு, ஒன்றாவதுக்குப் புதுக் காயிலும் போட்டுக் கொடுத்தார். நான் யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். முதல் கோளாறு எப்போது வந்தது? ஆயுத பூஜைக்கு அடுத்த செவ்வாய்.

கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது. லேத்துக்குப் பொட்டு, தறிக்குப் பொட்டு, மாவாட்டும் கிரைண்டருக்கும் பொட்டு. எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சுக்கே மாலை போடுவோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. இந்த வருடம் சரசு பானட்டைத் திறக்கச் சொன்னாள். "வெளிய பொட்டு வெச்சு என்னங்க பிரயோசனம்? ஓடறது உள்ளதானே" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. திறந்துவிட்டு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

சரி, அது ஒரு நாள் கூத்து. அதற்குப் பிறகும் தண்ணீர் எப்படி வந்தது? வேப்பிலை எப்படிப் பச்சையாக இருந்தது?

சனிக்கிழமை காலை தெரிந்தது. தினமும் நான் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்ப்பேன், அதுவும் ஒரு கணக்கு. பார்த்துவிட்டு, கையைத் துடைக்கத் துணி தேடி உள்ளே போனேன். திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால், சரசு. கையில் சொம்பு, ஒரு கொத்து வேப்பிலை. மஞ்சள் தண்ணீரைத் தொட்டு எஞ்சினின் மேல் தெளிக்கிறாள். பிறகு சொம்பைச் சாய்த்து, நாலு காயிலின் தலையிலும் ஒவ்வொரு வாய் ஊற்றுகிறாள். பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற நிதானம். உதடு அசைகிறது. ஜன்னல் திறந்திருந்தது, கேட்டது.

"கண்ணு... செவ்வாக்கிழமை மட்டும் ஏமாத்திப்போடாத சாமி. மத்த நாளெல்லாம் நின்னுக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வண்டி நின்றதால் ஊற்றுகிறாள். ஊற்றுவதால் வண்டி நிற்கிறது. தங்கைக்குச் சோறு போகாமல் தடுத்தது தன் கைதான் என்று இவளிடம் யார் சொல்வது? ஸ்டீபன் கூரையைப் பார்த்தது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. நானும் கூரையைத்தான் பார்த்தேன்.

அவள் உள்ளே போனதும், ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு போய் நாலு காயிலையும் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தேன். இந்த முறை தப்பித்தது.

மறுநாள் ஞாயிறு. கவிதாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். காபி முடிந்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். கவிதாதான் பேசினாள்.

"அப்பா, புதுசாக் காயில் போட்டும் நின்னுருச்சு. இது இனி இப்படித்தானுங்கப்பா. குடுத்துப்போடலாம்."

"வண்டி மேல தப்பில்லை."

"அப்புறம் யாரு மேல?"

சரசு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெங்காயம் உரிக்கிற கை நின்றுவிட்டது. ஏதோ அவளுக்கும் தெரிகிறதோ? உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும். சொன்னால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் இவள் தலை குனிவாள். அதுகூடப் பரவாயில்லை. தனம் பட்டினி கிடந்த அந்த மத்தியானம் இவள் கணக்கில் எழுதப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் வண்டி போகும். டெஸ்டிங்கில் இருந்தவன் மூளை வேலை செய்தது. மூன்றாவதாக ஒரு வழி கிடைத்தது.

"என் மேலதான். எஞ்சின்ல தூசியா இருக்குதுன்னு நான்தான் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். ரெண்டு வாட்டி. தண்ணி காயிலுக்குள்ள போயிருச்சு. இனி எஞ்சின் மேல சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு ஸ்டீபன் சொல்லியிருக்காரு."

கடைசி வரியைச் சமையலறைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சேதியும் போய்ச் சேர்ந்தது, யாருக்கும் காயமில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கவிதாவும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எஞ்சினுக்கா மாமா?" என்றார் மாப்பிள்ளை. "தண்ணியா?"

"மோட்டார் டெஸ்டிங்ல இருந்தவருங்கப்பா நீங்க," என்றாள் கவிதா. குரல் மாறிவிட்டது. கோபம் போய், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். "ரெண்டு வாட்டி வேறயா? மொத வாட்டி ஆனது மறந்து போச்சுங்களா?"

"மறக்கலை..."

"சரிங்கப்பா. சரி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

நான் கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான். வண்டியை விற்கவில்லை. வண்டி மேல்தான் தப்பில்லையே! ஆனால் எஞ்சினில் தண்ணீர் ஊற்றுகிற மனிதர் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா? அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. செவ்வாய்தோறும் ஒரு டிரைவர் வருவார். டிரைவரிடம் கொடுப்பதற்காகச் சாவி மாப்பிள்ளையின் பையில் ஏறியது. மாற்றுச் சாவி? அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள் என் மகள். ரொம்ப மரியாதையாக. எத்தனை 'ங்கப்பா' சொன்னாள் என்று எண்ணவில்லை. எண்ண மனசில்லை.

அந்தச் செவ்வாய் வந்தது. டிரைவர் பெயர் ரங்கன். நல்ல பையன் மாதிரி தெரிந்தாலும் வயது ஐம்பது இருக்கும். செகண்டு கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் தேர்டில் போகிறார். நான் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். கவுண்டம்பாளையம் பாலத்தில் ஒரு விக்கல் இல்லை. நாலு சிலிண்டரும் ஒழுங்காக இழுத்தன.

மதுக்கரையில் தனம் கேட்டருகே நாற்காலியில் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். எனக்கு வெறும் சத்தம். சரசு சிரித்தாள். "ரெண்டு வாரமா வரலைன்னு திட்டறாளுங்க" என்றாள். தட்டு காலியானது. தனம் மீதி ரசத்தையும் தட்டைச் சாய்த்துக் குடித்தாள். நான் வெளியே வந்து, பக்கத்துச் சிமென்ட் ஆலைத் தூசி படிந்த காரின் பானட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டேன். ரங்கன் பார்த்துவிட்டு மகளிடம் சொல்லிவிடுவாரோ?

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பார்க்க ரங்கன் இறங்கினார். வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க."

"ம்."

"தண்ணி ஊத்துனது நானுங்க."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க. சனிக்கெழமை பனியன் மஞ்சளா நனைஞ்சு கொடியில கெடந்துச்சு."

முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நான்தான் ஊத்துனேன்னு சொல்லியிருந்தா என்னங்க ஆயிருக்கும்? கவிதா ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பா. கேட்டுக்கிட்டிருப்பேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"என்ற கையில இருந்து எதைங்க புடுங்கியிருப்பாங்க? நானென்ன வண்டியா ஓட்டறேன்?"

ரங்கன் வந்து உட்கார்ந்தார். செகண்டில் எடுக்க வேண்டிய திருப்பத்தைத் தேர்டில் எடுத்தார். என் கால் மறுபடி இல்லாத பிரேக்கைத் தேடியது.

இதை எழுதலாமா என்று சரசுவிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றாள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைக் கவிதா படிப்பதில்லை, நீளமாக இருக்கிறதாம். அதனால் ஊரறிய உண்மையைச் சொல்ல எனக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொல்வதென்றால், தயவுசெய்து அவரையே முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்... அவருக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம், உங்களுக்கோ சாவி தேவை.